சாய்ந்த சில்லுகள்

மலைநாட்டுச் செய்திகளை எழுதிப் பிழைத்த ஒரு பத்திரிகையாளன் தன் வாழ்நாளில் அதிக தடவை எழுதிய வாக்கியம் எது என்று யாரேனும் கேட்டால், என்னிடம் விடை தயாராக இருக்கிறது. “வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி விபத்துக்குள்ளானது.” முப்பது ஆண்டுகளாக இதனை எழுதியிருக்கிறேன், பிறர் எழுதி அனுப்பியதைத் திருத்தியும் இருக்கிறேன். பஸ் என்றால் பஸ், வான் என்றால் வான், முச்சக்கரவண்டி என்றால் முச்சக்கரவண்டி. இடத்தின் பெயரையும் வைத்தியசாலையின் பெயரையும் மாற்றினால் போதும். செய்தியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிய காலத்திலும் சரி, கைத்தொலைபேசியில் படத்தோடு வந்து விழுகின்ற இக்காலத்திலும் சரி, வாக்கியம் மட்டும் மாறவில்லை.

அந்த வாக்கியத்துக்கு நான் பொருள் தேடத் தொடங்கியது 2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஒரு மாலையில். அன்று நான் செய்தியை எழுதுபவனாக இருக்கவில்லை. செய்திக்கு உள்ளே, சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருந்தேன்.

காரை ஓட்டியவன் என் தங்கையின் மகன். தங்கை டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். நான் பேராதனைக்குப் போய்க் கலைப்பட்டம் பெற்று, கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தின் படியேறிய அதே காலத்தில், அவள் எங்கள் லயத்திலிருந்து கூடையோடு மலைக்கு ஏறினாள். ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்த இருவரில் ஒருவருக்குப் பேனாவும் மற்றவருக்குக் கூடையும் வாய்த்ததற்கு எங்கள் திறமை காரணமல்ல. அது வேறு கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மருமகனுக்கு வயது இருபத்தாறு. ஹட்டன் நகரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். சீட்டுப் பிடித்தும் கடன் வாங்கியும் ஒரு பழைய லான்சர் கார் வாங்கினான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது என்பதும், இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நாட்டில் பழைய கார்களும் பொன்னின் விலைக்குப் போயின என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. அவனை விட வயது கூடிய அந்தக் காரை அவன் அந்த விலைக்குத்தான் வாங்கினான். எங்கள் குடும்பத்தில் நான்கு சில்லுள்ள வாகனம் ஒன்றுக்கு உரிமையாளனான முதல் மனிதன் அவன்தான். நான் கூட இல்லை.

புத்தாண்டுக்காக ஊருக்குப் போனபோதுதான் அந்தக் காரை முதன்முதலாகக் கண்டேன். லயத்துக்குக் கீழே, பிள்ளையார் கோயிலடியில் நின்றது. நிலத்தைத் தொட்டுவிடுமோ என்னும்படி தாழ்ந்திருந்தது. அதைவிட விநோதம் அதன் சில்லுகள். நான்கும் நிமிர்ந்து நிற்கவில்லை. மேற்பகுதி காரின் உடலுக்குள் ஒடுங்க, கீழ்ப்பகுதி வெளியே அகன்று, பிறந்த கன்று முதன்முதலாக எழுந்து கால்களை அகட்டி நிற்பது போல நின்றது அந்தக் கார்.

“என்னா தம்பி, அச்சு ஒடிஞ்சு போச்சா?” என்று கேட்டேன்.

“ஐயோ மாமா! இதுதான் ஸ்டைலு. கேம்பர் வச்சிருக்கேன்” என்று சிரித்தான்.

கேம்பர் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. வீதி அமைப்பு பற்றிய செய்திகளில், மழைநீர் இருபுறமும் வழிந்தோடுவதற்காக வீதியின் நடுப்பகுதியை உயர்த்தி அமைக்கும் சாய்வுக்கு அந்தப் பெயர் வரும். அதே சொல் சில்லின் சாய்வுக்கும் உரியது என்பதை மருமகன்தான் எனக்குச் சொன்னான். பின்னர் நானாகத் தேடி வாசித்ததில், இந்தச் சாய்வுக்குப் பின்னால் ஒரு முழுச் சரித்திரமே இருப்பது தெரிந்தது.

இங்கிலாந்தின் பழைய குதிரை வண்டிகளிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கார்களிலும் சில்லுகள் எதிர்த்திசையில், அதாவது மேற்பகுதி வெளியே சாயும்படி அமைந்திருந்தன. நடு உயர்ந்த வீதியின் இரு சரிவுகளிலும் சில்லு செங்குத்தாகப் பதிய அது உதவியது. ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் இலகுவாயிற்று. பிறகு கார்களின் வேகம் கூடிற்று. வேகமாக வளைவில் திரும்பும் காரின் உடல் வெளிப்பக்கம் சரிகிறது. அப்போது வெளிப்பக்கச் சில்லும் கூடவே சரிந்து, டயர் தன் வெளி விளிம்பில் ஏறி நிற்கும். காரின் பாரம் முழுவதும் வந்து இறங்குகின்ற அந்த நொடியில் டயர் விளிம்பில் நின்றால் பிடிப்பு எங்கிருந்து வரும்? ஆகவே சில்லை முன்கூட்டியே சிறிது உட்பக்கம் சாய்த்து வைத்தார்கள். உடல் சரியும்போது சில்லு நிமிர்ந்து, டயர் முழு அகலத்தில் தரையைப் பற்றும். சாய்வின் நோக்கம் வளைவில் நிமிர்வதுதான்.

சாதாரணக் கார் ஒன்றில் இந்தச் சாய்வு பூச்சியத்துக்கும் ஒரு பாகைக்கும் இடைப்பட்டது; கண்ணுக்குத் தெரியாது. பந்தயக் கார்களில் மூன்று, நான்கு பாகை வரை போவதுண்டு. அங்கும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. ஓடி வந்து நின்றதும் டயரின் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களில் வெப்பத்தை அளப்பார்கள். உட்பக்கம் மட்டும் அளவுக்கு மீறிக் கொதித்தால் சாய்வு கூடிவிட்டது என்று பொருள், குறைப்பார்கள்.

இந்தப் பந்தயச் சாய்வைப் பார்த்து ஆசைப்பட்ட ஜப்பானிய இளைஞர்கள், அதனை வீதிக் கார்களில் பத்து, பதினைந்து பாகைக்கும் அப்பால் கொண்டு போனார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ஓனி கியான்’. ‘ஓனி’ என்றால் பேய். பேய்ச் சாய்வு என்று நாம் சொல்லலாம். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கும், அங்கிருந்து கைத்தொலைபேசித் திரை வழியாக எங்கள் டிக்கோயாவுக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. தேயிலை கூட இவ்வளவு வேகமாகப் பயணம் செய்ததில்லை.

எனக்கு என் தகப்பனாரின் ஞாபகம் வந்தது. அவர் தோட்டத்து லொறிச் சாரதி. மலையில் நிறுத்த கொழுந்துச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு இறங்கும் பழைய பெட்போர்ட் லொறி. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் முன்னரே எழுந்துபோய், லொறியின் ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். உள்பக்கம், நடுப்பக்கம், வெளிப்பக்கம். சிறுவனான நான் கூடவே நிற்பேன். “வண்டி ரோட்டைத் தொடுறது இந்தக் கை அளவுதான்டா. மத்ததெல்லாம் சும்மா இரும்பு” என்பார். கார் டயர் ஒன்று எந்த நேரத்திலும் தரையில் பதிந்திருக்கும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு என்று பொறியியல் நூல்களும் சொல்லுகின்றன. நான்கு சில்லுக்கு நான்கு உள்ளங்கை. ஒரு குடும்பம் முழுவதும் அந்த நான்கு உள்ளங்கைகளில் அமர்ந்துதான் மலையிலிருந்து இறங்குகிறது.

அன்று காலை மருமகன் தன் தாயையும் என்னையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டான். சித்திரை மாதம் நுவரெலியாவின் வசந்தகாலம். கொழும்பே அங்கு குடிபெயர்ந்துவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் எல்லாம் இந்தக் காலத்துக்குரியவை. மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் ஒரு வீதியில், ஒரு நேரத்தில் ஒரு வாகனம் மட்டும் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஏறுவதே அதன் முறை. இளம் நிருபனாக இருந்தபோது ஒருமுறை அங்கு அனுப்பப்பட்டேன். பந்தயம் பற்றி எதுவும் தெரியாமல், தொப்பி அணிந்த சீமாட்டிகளைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் ஒன்று மனதில் நின்றது. வென்ற கார்களில் பல, பார்வைக்கு அவலட்சணமானவை. வர்ணம் உரிந்த கதவு, கயிற்றால் கட்டிய மூடி. அந்தச் சாரதிகளுக்கு அழகைப் பற்றிய கவலை இருக்கவில்லை. வளைவைப் பற்றிய கவலையே இருந்தது.

கிரகரி வாவிக் கரையில் அன்று நான் கண்டது வேறொரு கூட்டம். சாய்ந்த சில்லுக் கார்கள் வரிசையாக நின்றன. ஊதாவும் மஞ்சளுமான ரிம்கள், அகன்ற ரிம்மில் இழுத்து மாட்டிய ஒடுங்கிய டயர்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து விலையுயர்ந்த வாகனத்தில் வந்த இரு இளைஞர்கள் என் மருமகனிடம் வந்து, “மச்சான், எவ்வளவு பாகை?” என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவன் பதில் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அவனது பாடசாலைப் பரிசளிப்பிலும் நான் கண்டதில்லை. தங்கை சற்றுத் தள்ளி நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அடக்க முடியாத பெருமையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் மூன்றரை மணிக்குத் திரும்பினோம். நானுஓயா தாண்டும்போது மழை. தலவாக்கலையில் மழையோடு பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. வரும் வழியெல்லாம் கார் ஒரு மாதிரி அலைந்துகொண்டே வந்தது. வீதியில் சிறிய பள்ளம் வந்தாலும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பறிக்கப் பார்த்தது. மருமகன் அதைப் பழகியவன் போல இழுத்து இழுத்துப் பிடித்தான். “இது இப்பிடித்தான் மாமா. ரோட்டோட பேசும்” என்றான்.

அது பேசியதல்ல என்பதைப் பிறகு அறிந்தேன். சாய்ந்த டயர் ஒவ்வொன்றும் தான் சாய்ந்திருக்கும் பக்கமாகக் காரைத் தள்ளுகிறது. இடது டயர் வலப்பக்கம் தள்ளும். வலது டயர் இடப்பக்கம் தள்ளும். இரண்டும் சமமாகத் தரையைப் பற்றியிருக்கும் வரை ஒன்றையொன்று ஈடுசெய்து கார் நேராகப் போகும். ஒரு டயர் சேற்றிலோ குழியிலோ நீரிலோ ஒரு கணம் பிடி தளர்ந்தால், மற்றது தள்ளிக்கொண்டு போய்விடும். சாதாரணக் காரிலும் இந்தத் தள்ளல் உண்டு, ஆனால் அற்பம். பேய்ச் சாய்வில் அது அற்பமாக இருப்பதில்லை.

சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைக் கடந்து ஒரு வளைவு. மலைப்பக்கத்திலிருந்து செம்மண் கரைந்து வீதிக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ் வந்தது. மருமகன் மெதுவாகப் பிரேக்கை மிதித்தான். அவ்வளவுதான். கார் நிற்கவில்லை. பின்பகுதி தானாகவே சுழன்று, பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு முழ இடைவெளியில், நாங்கள் எதிர்த்திசையைப் பார்த்தபடி மலைப்பக்கத்துக் கானில் போய் மோதி நின்றோம். மற்றப் பக்கம் பள்ளத்தாக்கு. எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்மானித்தது மருமகனும் அல்ல, காரும் அல்ல.

எனக்கு நெற்றியில் சிறு காயம். அவனுக்கு ஒன்றும் இல்லை. பின்னாசனத்தில் இருந்த தங்கை விழுந்த வேகத்தில் கையை ஊன்றியிருக்கிறாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

வைத்தியசாலையில் அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி ஒலித்தது. எங்கள் பத்திரிகைக்கு அப்பகுதியிலிருந்து செய்தி அனுப்பும் தம்பி. “அண்ணே, டெவன் பக்கம் ஒரு காரு கானுக்குள்ள போயிருச்சாம். யாருக்கும் பெருசா ஒண்ணுமில்லையாம். நாலு வரி அனுப்பவா?” என்றார். அந்தக் காரில் நான்தான் இருந்தேன் என்று சொல்லாமல், “என்ன என்று எழுதுவீர்கள்?” எனக் கேட்டேன். “வழமை போலத்தான் அண்ணே. வேகக் கட்டுப்பாட்டை இழந்து...”

நான் அந்தக் காரின் வேகமானியைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். மழை தொடங்கியதிலிருந்து எனக்கிருந்த பயத்தில் வேறெதையும் நான் பார்க்கவில்லை. முள் நாற்பதைத் தாண்டவே இல்லை.

வேகம் அன்று மிகையாக இருக்கவில்லை. இழந்தது கட்டுப்பாடு மட்டுமே. அதுவும் அந்த வளைவில் இழந்ததல்ல. சில மாதங்களுக்கு முன் ஏதோ ஒரு கராஜில், ஸ்பிரிங்கின் சுற்றொன்றை வாளால் அறுத்தபோதும், சில்லைப் பிடிக்கும் ஆணியின் துளையை அரத்தால் நீளமாக்கியபோதும் இழந்தது. வளைவு அதனை எங்களுக்கு அறிவித்தது, அவ்வளவே. முப்பது ஆண்டுகளாக நான் எழுதிய வாக்கியம் எத்தனை விபத்துகளில் இப்படி உண்மையை மூடி வைத்ததோ என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மலைநாட்டு வீதிகள் எப்போதும் இரக்கமற்றவை. நுவரெலியாவில் பண்ணை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர், தமது குதிரை வண்டியைக் குதிரைக்காரன் மலைப்பாதையில் பள்ளத்தில் விழுத்திய கதையை 1855 இல் வெளியான தமது நூலிலேயே சொல்லியிருக்கிறார். அது சிரிப்பதற்கான கதை. எங்கள் காலத்துக் கதைகளில் சிரிப்பில்லை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் மாண்டார்கள். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, சிறுமி ஒருவர் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் விபத்து நடந்து ஒரு மாதம் ஆகுமுன், 2025 மே 11 ஆம் திகதி, கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவற்றுக்கும் சாய்ந்த சில்லுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இந்த மலைகளில் ஒரு வாகனத்துக்குத் தவறிழைக்க எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்பதை இவை சொல்லுகின்றன. தட்டையான ஊரில் வழுக்கிய கார் வயலில் போய் நிற்கும். இங்கே வயல் இல்லை.

மூன்றாம் நாள் காரை ஹட்டனில் சில்லுகளை நேர்செய்யும் கராஜ் ஒன்றுக்குக் கட்டியிழுத்துக் கொண்டுபோனோம். அங்கிருந்த பாஸ் எழுபதை அண்டிய மனிதர். காரை உயர்த்திவிட்டு, ஒன்றும் பேசாமல் மருமகனைக் கூப்பிட்டார். “தம்பி, இந்த டயர் வெளிப்பக்கம் தடவிப் பாருங்க.” புத்தம் புதியது போலப் பூவோடு இருந்தது. “இப்ப உள்பக்கம் தடவுங்க. மெதுவா.” மருமகன் கையை உள்ளே விட்டவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். விரல் நுனியில் இரத்தம். உள் விளிம்பில் இறப்பர் முழுவதும் தேய்ந்து, டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி ஊசியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ரோட்டுல நின்னது இந்த ரெண்டு விரல் அகலம்தான். இதுல தண்ணி வடியிறதுக்குப் பூவும் இல்ல. மத்த ஆறு விரலும் வேடிக்க பாத்துக்கிட்டு வந்திருக்கு” என்றார் பாஸ்.

நான் மருமகனைக் கண்டித்திருக்க வேண்டும் என்று இதை வாசிப்பவர்கள் நினைக்கலாம். சட்டமும் என் பக்கம்தான். வாகனத்தின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஏற்பதில்லை. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தின் கீழ் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றிய செய்தியை நானே முதற்பக்கத்துக்குத் தயாரித்தேன். வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. அதற்கு முன் அவனே பேசினான்.

“ஸ்கூல்ல என்னய தோட்டக்காட்டான்னுதான் மாமா கூப்புடுவாங்க. கடை தொறந்தப்பறமும் சில பேரு அப்பிடித்தான் பாத்தாங்க. இந்தக் காரு வந்தப்பறம் அவனுங்களே நிப்பாட்டி, கூட நின்னு போட்டோ எடுக்கிறானுங்க. நா அதுக்குத்தான் செஞ்சேன். ஓட்டுறதுக்கு இல்ல.”

அந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன்; பல்கலைக்கழகத்தில், படித்தவர்களின் வாயிலிருந்து. எங்கள் பாட்டனார் காலத்தில் பெரிய துரையின் கார் வரும் சத்தம் கேட்டால், தொழிலாளர்கள் மழையானாலும் குடையை மடக்கிக்கொண்டு, வீதியோரக் கானுக்குள் இறங்கி நின்று வழிவிட வேண்டும். கார் போன பின்னரே ஏறி வர வேண்டும். அதைச் சொல்லும்போது பாட்டனார் கோபப்படமாட்டார். காரின் பெயரையும் நிறத்தையும் சரியாகச் சொல்லுவார். அந்த மனிதரின் கொள்ளுப்பேரன், நுவரெலியாவில் தன் காருக்கு முன் பிறர் வழிவிட்டு நின்று பார்ப்பதற்காக இரண்டு விரல் அகலத்தில் தன் தாயை ஏற்றிக்கொண்டு வந்தான் என்றால், அவனை மடையன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக எனக்கு வாய் வரவில்லை. பார்க்கப்பட வேண்டும் என்ற பசி, பார்க்கப்படாமலே வாழ்ந்து முடித்தவர்களின் வழித்தோன்றலுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தப் பசிக்கு விலையைக் கொடுத்தது யார் என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. தங்கைக்கு ஆறு வாரம் கட்டு. வலது கை இல்லாமல் கொழுந்து பறிக்க முடியாது. மலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. நான்கு ரிம்களுக்கு மருமகன் கொடுத்த விலையை அந்தத் தொகையால் ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன். வந்த விடையை அவனிடம் சொல்லவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவன் சிறுபிள்ளை அல்ல; வகுத்தல் அவனுக்கும் தெரியும்.

“என்ன செய்யப் போறே?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் பாஸைப் பார்த்தான். பாஸ் சொன்னார்: “ரிம்மைக் கழட்ட வேணாம் தம்பி, அழகாத்தான் இருக்கு. ஸ்பிரிங்க மாத்துவோம். சில்ல நிமித்துவோம். ஒரு பாகை விடுறேன், வளைவுக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியாது, ஒங்களுக்கு மட்டும் தெரியும்.”

அப்படியே செய்தார்கள். கட்டு அவிழ்த்த நாளன்று தங்கையை வைத்தியசாலையிலிருந்து அழைத்துவர மருமகன் அந்தக் காரில்தான் போனான். நான் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டேன், பயந்தாயா என்று. “பயமெல்லாம் இல்லண்ணே. ஒழுங்காத்தான் வந்துச்சு” என்றவள், சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “ஆனா முன்ன மாதிரி யாரும் திரும்பிப் பாக்கல. அவெனுக்கு அது கொஞ்சம் வருத்தந்தான். எனக்கும்.”

அதற்கு என்ன பதில் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மருமகனுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறதாம். கடைக்குப் புறப்படும் முன் நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறானாம். தாத்தாவின் கதையை நான் அவனுக்குச் சொன்னதில்லை, தங்கை சொல்லியிருக்கக்கூடும்.

எனக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மலைநாட்டிலிருந்து விபத்துச் செய்தி வரும்போது, அந்தப் பழைய வாக்கியத்தைக் கண்டால், பக்கத்தில் சேர்ப்பதற்கு முன் செய்தியை அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்து, “டயர் எப்படி இருந்தது? பார்த்தீர்களா?” என்று கேட்கிறேன். பக்கம் முடிக்கும் அவசரத்தில் இதென்ன கேள்வி என்று அவர்கள் என்னைச் சலித்துக்கொள்வதும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

“அதையெல்லாம் யாருண்ணே குனிஞ்சு பாத்தா?”